ஒரு பக்கம் மட்டும்

அவர் ஒரு வாசலை ஒரே நடையில் கடந்து நான் பார்த்ததில்லை. ஒரு காலை உள்ளே வைப்பார். மற்றக் கால் வெளியே நிற்கும். "ஒரு நிமிசம்" என்பார். பிறகு திரும்பித் தெருவைப் பார்ப்பார், எதையோ விட்டுவிட்டு வந்தவர் போல. சட்டைப் பையைத் தடவுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுவார். எங்கள் போட்டோக்கொப்பிக் கடையின் வாசல் ஒடுக்கம். அவர் அப்படி நின்றால் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

"அங்கிள், வந்தா வாங்க, இல்லாட்டிப் போங்க. கதவு மாதிரி நிக்காதீங்க," என்பார் அண்ணா. கடை அண்ணாவுடையது. நான் மெஷினில் நிற்பவள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆரையம்பதியிலிருந்து காலையில் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, பின்னேரம் திரும்பிப் போகிறவள். ஆட்களோடு கதைப்பதென்றால் கூச்சம். அதனால் மெஷினைச் சுவர்ப் பக்கமாகப் போடச் சொல்லி, கவுண்டருக்கு முதுகு காட்டியே வேலை செய்து பழகிவிட்டேன். தாளை வைத்துவிட்டு எத்தனை பிரதி என்று சொன்னால் போதும். எடுத்து, பார்க்காமலே பின்னால் நீட்டுவேன்.

அவர் முதலில் கொண்டுவந்தது ஒரு கட்டு இசைத் தாள். ஐந்து கோடு, மேலே கறுப்புப் புள்ளிகள். அப்படியொன்றை நான் அதுவரை கையில் எடுத்ததில்லை. எங்கள் கடைக்கு வருவது டியூஷன் நோட்ஸ், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். எல்லோரும் இரண்டு பக்கமும் அடிக்கத்தான் சொல்வார்கள். நானும் கேட்காமலே அப்படி அடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் அவர் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"புள்ள, ரெண்டு பக்கமும் அடிச்சிரிக்காய்."

"ஓம் அங்கிள். தாள் மிச்சம்," என்றேன் சுவரைப் பார்த்தபடி.

"தாள் மிச்சம்தான். கை பத்தாதே."

எல்லோருக்கும் நடுவில் அவர் அதை நடித்துக் காட்டத் தொடங்கினார். நான் திரும்பவில்லை, மெஷினின் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. இடது கையைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி, இல்லாத ஒரு கழுத்தைப் பிடித்தார். வலது கையை வயிற்றுக்கு முன்னால் குறுக்கே இழுத்தார். அந்த இழுப்பில் கவுண்டரில் இருந்த பேனா டப்பா கீழே விழுந்தது.

"இது ஒரு கை. இது மற்றக் கை. நடுவால தாளத் திருப்புறதுக்கு மூண்டாவது கை எங்க, சொல்லு பாப்பம்?"

வரிசையில் நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

"சிரிக்காய் என்ன? முதுகு சிரிக்குது," என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேறு யாரும் என் முதுகைப் பார்த்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததில்லை. அவர் அப்படிச் சொன்ன காரணம் பிறகு தெரிய வந்தது. அவர் போர்த்துக்கீசர் வழிவந்த எங்கள் ஊர்ப் பறங்கியர் குடும்பத்தவர். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், ஹோட்டல் பாண்டுகளில் டபுள் பேஸ் வாசித்தவர். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம் அது. நிலத்தில் ஊன்றி நின்றபடி வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்.

"நாப்பது வருசம் நான் முதுகுதான் பாத்தன் புள்ள. பாட்டுக்காரிர முதுகு. ட்ரம்பெட் ஊதுறவன்ட முதுகு. ஆடுற ஆக்கள்ர முதுகு. பாட்டுக்காரி மைக்குக்குச் சிரிப்பாள். முதுகு அழும். பொய் எல்லாம் முகத்திலதான். முதுகுக்குப் பொய் சொல்லத் தெரியா."

மனைவி இறந்த பிறகு, அந்தப் பெரிய வாத்தியத்தோடு ஊருக்கு வந்து வாவிக் கரையோரம் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். ஊரில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கல்யாண வீட்டில் வந்து ஆட்டப் பாட்டு வாசிப்பாரா? கேட்டால் முகம் சிவந்துவிடும். "டும் டும் எண்டு வாசிச்சது காணும்," என்பார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு சொனாட்டா. முன்னுக்கு நின்று, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும், ஆட்களுக்கு முன்னால், ஒரே ஒரு தடவை.

சொனாட்டா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரியும். நாலு பகுதி: மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, திரும்ப மெதுவாக, திரும்ப வேகமாக. கூட ஒரு பியானோ. பாட்டுக்குப் பின்னால் நிற்கிற வாத்தியம் அதில் தானே பாட்டாக வரும்.

"இந்தப் பெரியவனுக்கெண்டு சொனாட்டா எழுதினவங்க கொஞ்சப் பேர். அதிலயும் பாதி, பேஸ் வாசிச்சவனே பொறுக்க ஏலாமத் தனக்குத் தானே எழுதிக்கொண்டது. மிச்சமெல்லாம் இரவல்."

அவர் பிடித்து வைத்திருந்ததும் ஒரு இரவல்தான். முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் காம்பாவுக்கு எழுதியதாம். காம்பா என்பது முழங்காலுக்கு இடையில் வைத்து வாசிக்கும் பழைய வாத்தியம். அதற்கு ஆறு ஏழு தந்தி. பேஸுக்கு நாலு. "அவன் பக்கத்துத் தந்திக்கு விரல வைக்கிற இடத்தில, நான் கழுத்து நீளத்துக்கும் ஓடிப் போகணும்." அதனால் பல பேர் அதைப் பேஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதியிருந்தார்கள். கொழும்பு நண்பர் ஒருவர் மூலம் அவரிடம் மூன்று வந்திருந்தன. ஒருவர் கஷ்டமான இடங்களை விட்டுவிட்டார். ஒருவர் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டார். ஒருவர் ஒன்றையும் விடவில்லை, வாசிக்கத்தான் முடியாது.

அவருக்கு மூன்றும் பிடிக்கவில்லை, மூன்றையும் விடவும் முடியவில்லை. கத்தரிக்கோலும் பசையும் வாங்கி, இதில் இரண்டு வரி அதில் ஒரு வரி என்று வெட்டி ஒட்டிக் கொண்டுவருவார். நான் அதைச் சுத்தமாகக் கொப்பி எடுத்துக் கொடுப்பேன். "ஒரு பக்கம் மட்டும்," என்பார் ஒவ்வொரு முறையும், நான் மறந்துவிடுவேன் என்பது போல. அடுத்த கிழமை அந்தக் கொப்பியை வெட்டிக்கொண்டு வருவார். ஒட்டிய தாளின் மேல் ஒட்டி ஒட்டி, சில பக்கம் அட்டை போல விறைத்திருக்கும்.

அதை வாசிக்கவும் அவருக்கு ஒரு இடம் சரிவரவில்லை. வீட்டில் வாசித்தால் ஒரு குறிப்பிட்ட சத்தத்துக்கு அலுமாரிக் கண்ணாடி அதிருமாம். காத்தான்குடியைச் சேர்ந்த ஓட்டோக்காரர் ஒருவர்தான் பேஸை ஏற்றி இறக்குவார். அதன் கழுத்து ஓட்டோவுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்.

"அங்கிள், இண்டைக்கு மய்யித்த எங்க இறக்குற?" என்று கேட்பார் ஓட்டோக்காரர், ஏதோ பிணத்தை ஏற்றி வந்தவர் போல.

"உன்ட வாயில மண். பெரியகல்லாறுக்கு விடு."

"நேத்தும் அங்கதானே போன? இன்னும் அடக்கம் முடியல்லயா?"

பெரியகல்லாற்றில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் கேட்டு வாங்கினார். அங்கே கூரைத் தகரம் ஒன்று கூடவே பாடியது. மாமாவின் ஐஸ் அறை ஆரையம்பதியில் சும்மா கிடக்கிறது என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அங்கும் பேஸ் போனது. சத்தம் நல்லது, ஆனால் மீன் மணத்தில் வில் பிடிக்க முடியவில்லை என்று இரண்டாம் நாளே வந்துவிட்டார். மாமா என்னை ஏசினார். "சங்கீதமாம். பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் பால் வத்திப் போச்சு."

எங்கே போனாலும் நடந்தது ஒன்றுதான். வாசிப்பார், வாசிப்பார், நல்லாகத்தான் போகும். திடீரென்று வில்லைத் தூக்கி, "ஒரு நிமிசம்." எங்கோ ஒரு தகரம், ஒரு கண்ணாடி, ஒரு ஆணி. போய் விரலால் அழுத்திப் பார்ப்பார். திரும்ப முதலிலிருந்து. சில நேரம் ஒரு அதிர்வும் இருக்காது. அப்போதும் நிறுத்துவார்.

"ஏன் அங்கிள் நிப்பாட்டுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாண்டில என்னை நிப்பாட்ட விடல்ல புள்ள. பாட்டுக்காரி மறந்தா நிப்பாட்டலாம், ட்ரம்பெட்காரன் தண்ணி குடிக்கலாம். பேஸ் நிண்டா ஆடுற ஆக்கள் விழுந்திருவாங்க. நாப்பது வருசம். இப்ப நிப்பாட்டலாமெண்டு கண்டவுடன கை நிண்டு நிண்டு போகுது." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "மறுகா, முன்னுக்கு ஆக்கள்ர முகம் இருந்தா என்னெண்டு வாசிக்கிற எண்டும் தெரியா."

கடைசியில் சேர்ச் மண்டபத்துக்கே வந்து சேர்ந்தார். அங்கே பியானோவும் இருந்தது, பியானோ வாசிக்க ஓர்கன் டீச்சரும் இருந்தார். ஞாயிற்றுக் கிழமைகளில் சேர்ச்சில் ஓர்கன் வாசிக்கும் அந்த டீச்சருக்கு அறுபது வயது இருக்கும், அரிசிப்பை தூக்குகிற கை. பொறுமை கிடையாது.

பதினொரு தாள். பக்கம் பக்கமாக விரித்தால் தாள் வைக்கும் ஸ்டாண்டில் நிற்காது. அதற்கும் ஒரு வழி கண்டார். தாள்களை மண்டபச் சுவரில் ஒட்டினார். முதல் தாளுக்கு முன்னால் பேஸை ஊன்றி வாசிக்கத் தொடங்கி, வாசித்தபடியே நண்டு போலப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து சுவரோடு போனார். கொப்பி கொடுக்கப் போன நான் கதவடியில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய வாத்தியமும் அவரும் சுவரோடு நடந்து போவதைப் பார்க்க, யாரோ ஒரு பருத்த மனிசியைத் தாங்கலாகக் கூட்டிப் போகிறவர் போல இருந்தது. ஆறாவது தாளில் பியானோ நின்றது.

"எங்க போறீங்க?" என்றார் டீச்சர். "இஞ்ச நான் தனிய வாசிச்சுக்கொண்டிருக்கன். நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டீங்க."

"ஒரு நிமிசம் டீச்சர்..."

"ஒரு நிமிசமும் இல்ல. தாளத் திருப்ப ஒரு ஆளப் பிடிங்க."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியா," என்றேன்.

"வாசிக்கத் தேவையில்ல. படம் பாக்கத் தெரியும்தானே? நீதானே அத நூறு தரம் கொப்பி அடிச்சாய்," என்றார் அவர்.

அது உண்மை. எந்தத் தாளின் அடியில் என்ன உருவம் என்று எனக்குத் தெரியும். நாலாம் தாளின் கடைசி வரி கொடியில் துணி காயப்போட்டது போல. ஏழாம் தாள் குருவிகள் கம்பியில் இருப்பது போல. அந்த இடம் வரும்போது அவர் மூக்கால் பெரிதாக மூச்சு இழுப்பார். நான் திருப்பி அடுத்த தாளைக் காட்ட வேண்டும். சனிக்கிழமைப் பின்னேரங்களில் போய்ப் பழகினேன். ஆட்கள் இல்லாத மண்டபத்தில், அவருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, தாளை மட்டும் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை அது. எனக்கு ஒத்துப்போனது. ஆனால் அத்தனை சனிக்கிழமையிலும் அந்தச் சொனாட்டாவை ஒருநாளாவது நாங்கள் முடித்ததில்லை. கடைசித் தாளைத் திருப்புவதற்கு முன் எப்படியும் ஒரு "ஒரு நிமிசம்" வந்துவிடும்.

அப்போதுதான் டீச்சருக்கு விசா வந்தது. மகள் அவுஸ்திரேலியாவில். செவ்வாய்க்கிழமை பயணம், அதற்கு முந்தின ஞாயிறு பின்னேரம் சேர்ச் மண்டபத்தில் பிரியாவிடை. மட்டக்களப்பில் அதன் பிறகு அங்கிளுக்குப் பியானோ வாசிக்க ஆள் இல்லை. அந்த ஞாயிறு, இல்லாவிட்டால் இல்லை.

டீச்சர் சொல்லிவிட்டார். "உங்களுக்குப் பன்னிரண்டு நிமிசம் கேட்டு வாங்கியிரிக்கன். நீங்க நிப்பாட்டினா நான் நிக்க மாட்டன். நான் வாசிச்சு முடிச்சிட்டு எழும்பிக் கேக் வெட்டப் போயிருவன். சொல்லிட்டன்."

அந்த ஞாயிறு மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர். கேக், பற்றிஸ், பேச்சு. சனிக்கிழமைகளில் செருப்போடே போகிறவள், அன்று பயத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கோயிலுக்குப் போய்ப் பழகிய கால். பிறகுதான் பார்த்தேன், வாசலில் கிடந்தது என்னுடைய செருப்பு மட்டும்.

பேஸ் மரமேடையில் தயாராக நின்றது. அவர் ஒரு தரம் வில்லை இழுத்தார். "ஒரு நிமிசம்," என்றார். மேடைப் பலகை முழங்குகிறதாம். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவரும் ஓட்டோக்காரரும் பேஸைத் தூக்கிக் கீழே இறக்கி, முன் வரிசைக் கதிரைகளுக்கு நேரே வைத்தார்கள். "இஞ்சதான் சரி," என்றார். டீச்சர் பியானோவிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வந்தா ஆக்கள்ர மடியில இரிக்கலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முன் வரிசை முகங்களைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

முதல் பகுதி போனது. இரண்டாவதில் ஒரு இடத்தில் அவர் உதடு அசைந்தது. 'ஒரு' என்பது வரை வந்துவிட்டது. டீச்சர் பியானோவை ஒரு அறை அறைந்தார். அவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு வாசித்தார்.

மூன்றாவது பகுதி மெதுவானது. அதில்தான் கவனித்தேன். பேஸின் அடியில் ஒரு இரும்புக் கூர் உண்டு, அதை ஊன்றித்தான் முழுப் பாரமும் நிற்கும். மேடைப் பலகையில் அது குத்தி நின்றது. கீழே போட்டிருந்தது புது டைல்ஸ். வில்லை நீட்டி இழுக்கும்போதெல்லாம் அந்தக் கூர் ஒரு விரல் அளவு முன்னுக்கு வழுக்கியது. அவர் காலால் பின்னுக்கு இழுத்தார். திரும்ப வழுக்கியது. மெதுவான பகுதியில் அதற்கு நேரம் இருந்தது.

நாலாவது வேகம். அதில் நேரம் இல்லை. பேஸ் சரிந்து சரிந்து அவரும் அதன்மேல் கவிழ்ந்தபடி வாசித்தார். பத்தாம் தாள் முடியப் போகிறது, அதன் அடியில் உள்ள உருவம் எனக்கு வந்துவிட்டது. அவர் மூக்கால் மூச்சு இழுத்தார். என் கை தாளின் மூலையில். அதே நேரம் கூர் வழுக்குகிறது. இந்த முறை விரல் அளவு இல்லை, ஒரு சாண். காலில் செருப்பு இருந்திருந்தால் அதைக் கழற்றிக் கூருக்கு அடியில் தள்ளிவிட்டுத் தாளையும் திருப்பியிருப்பேன். என்னிடம் வெறுங்கால்தான் இருந்தது.

தாளை விட்டுவிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால் முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் அந்தக் கூரைப் பொத்திப் பிடித்து, அவருடைய காலடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வெட்கத்தில் நிமிர முடியவில்லை. யாரோ "ஐயோ" என்றது கேட்டது. அவருடைய வில் ஒரு கணம் இல்லாமல் போனது போல இருந்தது.

பிறகு சத்தம் என் கையில் வந்தது. காதால் இல்லை. இரும்பு வழியாக உள்ளங்கைக்கும், முழங்கைக்கும், பல்லுக்கும். சனிக்கிழமைகளில் பக்கத்தில் நின்று கேட்டது இதுவா என்று தெரியவில்லை. ஓடியது, ஏறியது, ஒரு இடத்தில் தடுமாறி இன்னும் வேகமாக ஓடியது. மேலே ஸ்டாண்டில் பத்தாம் தாள் திருப்பாமல் அப்படியே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பியானோ எங்கோ பின்னால் ஓடி வந்தது. பிறகு இரண்டும் ஒன்றாக நின்றன. என் கையில் அந்தக் கடைசி அதிர்வு கொஞ்ச நேரம் இருந்து, மெல்ல இல்லாமல் போனது. அதன் பிறகுதான் கைதட்டு.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன வாசிச்சீங்க? நான் உங்களத் துரத்திக்கொண்டு வந்தன், வேறொண்டும் எனக்குத் தெரியா. முடிவில பிடிச்சிட்டன். அது காணும்." கேக் வெட்டப் போய்விட்டார். செவ்வாய் பயணமும் போய்விட்டார். ஓட்டோக்காரர் வாசலில் நின்று போனில் வீடியோ எடுத்திருந்தார். நாலாவது பகுதி தொடங்கினவுடன் மனைவி கோல் எடுத்ததில் அது நின்றுவிட்டது. "பருப்பு வாங்கிட்டு வரச் சொல்லி, அங்கிள். கோல வெட்டினா வீட்டுக்குப் போக ஏலா," என்றார்.

அதன் பிறகு அவர் ஊரில் அதிக நாள் இருக்கவில்லை. வாவிக் கரை வீட்டைப் பூட்டிக்கொண்டு பேஸோடு போய்விட்டார். நீர்கொழும்பு என்று சிலர் சொன்னார்கள், திருகோணமலை என்று சிலர். இன்று வரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தப் பிரியாவிடைக்கு மூன்று நாள் கழித்து ஒரு தடவை கடைக்கு வந்தார். அண்ணா வங்கிக்குப் போயிருந்தார். நான் தனிய.

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் ஒரு புதுக் கட்டு. அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"புள்ள. கடைசித் தாள நீ திருப்பல்ல."

"ஓம் அங்கிள்." நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் வாசிச்சது என்ன?"

நான் அடுத்த தாளை மெஷினில் வைத்தேன்.

"எழுதினதத்தான் வாசிச்சனா, இல்ல கைக்கு வந்தத வாசிச்சனா? மூண்டு நாளா நித்திரை இல்ல. டீச்சர் போயிட்டா. யாரிட்டக் கேக்கிற? நான் தாளப் பாக்கவே இல்ல புள்ள. நீ கீழ குனிஞ்சிரிந்தாய். உன்ட முதுகத்தான் பாத்துக்கொண்டு வாசிச்சன். முன்னுக்கு ஒரு முதுகு இருந்தாத்தான் இந்தக் கை ஓடும் போல." கவுண்டரை விரலால் தட்டினார், நிறுத்தினார், தட்டினார். "நீ பக்கத்தில இருந்தாய். நூறு தரம் கொப்பி அடிச்சாய். சொல்லு. எழுதினபடிதானே வாசிச்சன்?"

ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு கூசியது.

நான் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

அத்தனை மாதத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவருடைய முகத்தை நேரே பார்த்தது அன்றுதான். நான் நினைத்திருந்ததைவிட வயதான முகம். ஒரு கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் அந்தத் தாளை எப்படி வாசித்தாரோ.

"எனக்குத் தெரியா அங்கிள்," என்றேன். "எழுதினதா இல்லயா எண்டு எனக்கு விளங்காது. ஆனா நீங்க நிக்கல்ல. நான் கூரப் பிடிச்சுக்கொண்டிருந்தன். ஒரு இடத்திலயும் நிக்கல்ல. அது என்ட கைக்குத் தெரியும்."

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. இரும்பு அழுத்தின இடம் இன்னும் கன்றிப் போயிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. திரும்பி நடந்தார். உள்ளே இருந்த கால் வெளியே போனது, வெளியே இருந்த கால் அதற்கு முன்னால் போனது. தெருவைப் பார்க்கவில்லை, பையைத் தடவவில்லை.

அவர் போன பிறகுதான் கவுண்டரில் அந்தப் புதுக் கட்டு கிடப்பது நினைவுக்கு வந்தது. மேல் தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்: ஒரு பக்கம் மட்டும். கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் பாதித் தெரு தாண்டிவிட்டார். தெருவில் நின்று கத்திக் கூப்பிடுகிற ஆள் இல்லை நான். அன்று கூப்பிட்டேன்.

"அங்கிள், ஒரு நிமிசம்!"

அவர் நிற்கவில்லை.